சவுக்கு, சபுக்கு, சில்வர் ஓக்: கண்டி மலைகளில் ஒரு மரத்தின் வரலாறு

மனிதர் கடல் கடந்து போகும்போது தம்முடன் பெயர்களையும் எடுத்துச் செல்கின்றனர். புதிய மண்ணில் முன்பின் அறியாத மரமொன்றைக் கண்டால், ஊரில் விட்டுவந்த மரத்தின் பெயரை அதற்குச் சூட்டிவிடுவது எல்லா இனத்தவரிடமும் காணப்படும் வழக்கம்.

மேலை நாட்டாரின் 'சிக்கமோர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பண்டைய எகிப்தியர் தம் இறந்தோருக்குப் பேழை செய்த சிக்கமோர், அத்தி இனத்தைச் சேர்ந்தது. இயேசுவைக் காண்பதற்காகக் குள்ளனான சகேயு ஏறியதாக லூக்கா நற்செய்தி கூறுவதும் அந்த மரத்தில்தான். தமிழ் விவிலியம் அதனைக் காட்டத்தி என்று பெயர்த்தது. பிரித்தானியாவில் அதே பெயர் மேப்பிள் இனத்து மரமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. வட அமெரிக்காவில் குடியேறியவர்களோ அங்குள்ள பிளேன் இனத்து மரத்தை அப்பெயரால் அழைத்தனர். ஆக, லண்டனில் வாழும் வாசகர் அறிந்த சிக்கமோர் வேறு. ரொறன்ரோவில் வாழும் வாசகர் அறிந்தது வேறு. விவிலியத்தில் வருவது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது மரம்.

இதே கதை இலங்கையின் கண்டி மலைகளிலும் நிகழ்ந்திருக்கிறது. மலையகத்தில் பிறந்தவர்கள் 'சவுக்கு' என்றதும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நெடிதுயர்ந்து நிற்கும் ஒரு மரத்தை நினைவுகூர்வர். யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் அறிந்த, கடற்கரை மணலில் ஊசி இலைகளுடன் நிற்கும் சவுக்கு அதுவன்று. மலையகச் சவுக்கின் இலை பன்னம் போல் பிளவுபட்டிருக்கும். அடிப்புறம் வெள்ளி பூசியது போல் மினுங்கும். பூக்கும் காலத்தில் பொன்னிறம் கலந்த செம்மஞ்சள் பூக்களில் தேன் ததும்பும். தாவரவியலாளர் இதனைக் கிரெவிலியா ரொபஸ்டா என்பர். தாயகம் கிழக்கு அவுஸ்திரேலியா.

ஆங்கிலத் துரைமார் இதனைச் 'சில்வர் ஓக்' என்றனர். ஓக் மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. பலகையின் தோற்றம் தம் ஊர் ஓக்கை ஒத்திருந்ததே காரணம். நெடுநெடுவென வளரும் இம்மரத்தைத் தென்னிந்தியத் தொழிலாளர் தம் ஊர்ச் சவுக்கின் பெயரால் அழைத்தனர். சிங்களத்தில் இதற்கு வழங்கும் பெயர் 'சபுக்கு'. தோட்டத் தமிழரின் சொல் சற்றே ஒலி மாறி அம்மொழிக்குள் புகுந்திருப்பதைக் கேட்டவுடனேயே உணரலாம். ஒரே மரத்துக்கு மூன்று மொழிகளில் மூன்று பெயர்கள். மூன்றும் இரவல் பெயர்கள். அந்த மரத்தின் வரலாற்றைச் சொல்வதாயின், அது வருவதற்கு முன் கண்டிச் சீமையில் மரம் எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்டியரின் மர அறிவு

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் திசையில், உடுநுவரைப் பகுதியில் எம்பக்கை தேவாலயம் இருக்கிறது. கம்பளை இராச்சியத்தின் மன்னன் மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமக் கடவுளுக்காக எழுப்பப்பட்டது. சிங்களவர் கதிர்காமத் தெய்யோ என்று வணங்கும் அத்தெய்வம் நமக்கு முருகன். அங்குள்ள மேள மண்டபத்தின் மரத்தூண்களில் அன்னங்களும் மல்லர்களும் நடன மாதரும் இருதலைக் கழுகும் செதுக்கப்பட்டுள்ளன. கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்களை ஒரே மர ஆப்பு பிணைத்து நிற்பதைப் பொறியியல் மாணவர்கள் இன்றும் வந்து பார்த்துச் செல்கின்றனர். தூண்கள் கம்மாலு மரத்தாலானவை என்று பொதுவாகக் கூறப்படுகிறது. கம்மாலு என்பது நமது வேங்கை. வேங்கை முருகனோடு சேர்த்துப் பேசப்படும் மரம் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கண்டிப் பகுதித் தச்சர்கள் எந்த வேலைக்கு எந்த மரம் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தனர். கதவு, நிலை, பேழை ஆகியவற்றுக்குப் பலா. பாரம் தாங்குவதற்கு முதிரை போன்ற வைரம் பாய்ந்த மரங்கள். பலாவின் மஞ்சள் நிறம் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பேறி அழகு கூடும். இந்தக் கைவினை மரபை முறையாகப் பதிவு செய்தவர் ஒரு தமிழரின் மைந்தர். சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிமவள ஆய்வுப் பணியில் இருந்த காலத்தில் மலைநாட்டுக் கிராமங்களில் சுற்றித் திரிந்து திரட்டிய செய்திகளைக் கொண்டு, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். அரச ஆதரவு அற்றுப்போன பின்னர் அக்கலைஞர் குடும்பங்கள் நலிந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார்.

அந்த அரச ஆதரவு அற்றுப்போனது 1815ஆம் ஆண்டில். கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்திலேயே, நாயக்க வம்சத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் முடி பறிக்கப்பட்டு, நாடு ஆங்கிலேயருக்குக் கையளிக்கப்பட்ட ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது.

பேராதனையின் முதிரைப் பாலம்

புதிய ஆட்சியாளருக்கும் இத்தீவின் மரத்தின் அருமை தெரியாமலில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை அமைத்தபோது, பேராதனையில் மகாவலி கங்கையைக் கடக்க வேண்டியிருந்தது. 1833இல் அங்கு அமைக்கப்பட்ட பாலம் பெரும்பாலும் முதிரை மரத்தாலானது. ஆற்றின் நடுவே தூண் எதுவுமின்றி 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டி நின்றது. ஆணிகள் இன்றி, மரத்தோடு மரத்தைப் பொருத்தியே அதனைக் கட்டியிருந்தனர். இலங்கைக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் பலர் இதனை வியந்து எழுதியுள்ளனர். 70 ஆண்டுகளுக்கு மேல் வண்டிகளையும் வெள்ளங்களையும் தாங்கிய பின்னர், 1905இல் அதன் இடத்தில் புதிய பாலம் வந்தது.

ஆனால் அந்தப் பாலத்தைக் கடந்து மலையேறியவர்களின் கண்ணில் மரம் வேறொன்றாகத் தெரிந்தது. கோப்பி பயிரிடுவோருக்குக் காடு ஒரு தடை.

கோப்பி தின்ற காடு

1820களில் கம்பளைக்கு அருகே தொடங்கிய கோப்பிச் செய்கை, 1840களில் ஒரு வெறியாகவே மாறியது. காடழிக்கும் முறையை அக்காலத்தவர் விரிவாக எழுதி வைத்துள்ளனர். மலைச்சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டிக்கொண்டே போவர். உச்சி வரிசையை அடைந்ததும் அதனை முழுதாக வெட்டிச் சாய்ப்பர். அது கீழுள்ள வரிசையின் மீது விழ, அவ்வரிசை அடுத்ததன் மீது விழ, ஒரு மலைமுகம் முழுவதும் இடியோசையுடன் சரியும். சில வாரங்கள் காயவிட்டு நெருப்பு வைப்பர். இந்தக் கோடரி வேலையை ஒப்பந்தத்துக்குச் செய்தவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர். எரிந்த நிலத்தில் குழி தோண்டி, கன்று நட்டு, பழம் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த தொழிலாளர்.

எரிந்தவற்றுள் தூணுக்கும் பாலத்துக்கும் உரிய மரங்களும் இருந்தன. கொண்டு செல்ல வழியின்மையாலும் காத்திருக்கப் பொறுமையின்மையாலும் அவை சாம்பலாயின. 1878 அளவில் கோப்பி நிலம் சுமார் 275,000 ஏக்கராகப் பெருகியிருந்தது. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளையேனும் விட்டுவைக்க வேண்டும் என்ற முடிவு 1873இல் எடுக்கப்பட்டது. மலையின் உச்சிகளில் இன்று எஞ்சியுள்ள காடு அந்த முடிவுக்குக் கடன்பட்டது.

1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பியை வீழ்த்தியது. அதற்குள் மாற்றுப்பயிர் ஆயத்தமாக இருந்தது. கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில், ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் இலங்கையின் தேயிலை ஏற்றுமதி 14 கோடி இறாத்தலைத் தாண்டிவிட்டது.

தேயிலைப் பெட்டிக்கு எந்த மரம்?

இந்த இடத்தில் வாசகர்கள் சிறிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டிக்கு 100 இறாத்தல் என்று வைத்துக்கொண்டால், 14 கோடி இறாத்தலுக்கு 14 இலட்சம் பெட்டிகள் வேண்டும். ஒரே ஆண்டுக்கு! இவை போன இடத்திலிருந்து திரும்பி வருவதில்லை. அடுத்த ஆண்டுக்கு மீண்டும் அத்தனை பெட்டிகள் தேவை.

பெட்டிக்குக் கண்ட மரமும் உதவாது. தேயிலை அருகிலுள்ள வாசனையை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. பிசின் கசியும் பலகையோ மணமுள்ள பலகையோ சரக்கின் சுவையைக் கெடுத்துவிடும். ஈரம் காயாத பலகை பூஞ்சணத்தைக் கொண்டுவரும். பாரமான பலகை கப்பல் கூலியைக் கூட்டும். எனவே தேயிலைப் பெட்டிக்கு வேண்டியது மணமற்ற, காய்ந்த, இலேசான மரம். மேலை நாடுகளில் சிக்கமோர்ப் பலகைக்கு மதிப்பு வந்ததற்கும் இதே காரணம்தான். மணமும் சுவையும் இல்லாததால் அதனை அடுக்களைப் பலகைகளுக்கும் உணவுப் பெட்டிகளுக்கும் தேர்ந்தெடுத்தனர்.

தொடக்கத்தில் உள்ளூர் மரங்களை அரிந்து பெட்டி செய்து, உள்ளே ஈயத்தகடு பதித்து மூடினர். பெட்டித் தேவை பெருகியதும் வெளிநாட்டுப் பெட்டிகள் வரத் தொடங்கின. மோமி என்னும் ஜப்பானிய மரப்பலகைகள் கப்பலில் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனெஸ்டா என்ற பெயருடன் ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வந்தன. அவற்றின் மூலப்பலகை பால்டிக் கடற்கரையிலுள்ள இன்றைய எஸ்தோனியாவின் தாலின் நகரத் தொழிற்சாலையில் தயாரானது. மரக்கடலாக இருந்த ஒரு மலைநாடு, தன் விளைபொருளைப் பொதி செய்வதற்குப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து பலகை வாங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன் இங்கு எரிந்த நெருப்பை நினைத்தால் இந்த நிலையின் விபரீதம் புரியும்.

சவுக்கின் வருகை

பெட்டிக்குப் பலகை வெளியிலிருந்து வரலாம். தேயிலையை உலர்த்தும் விறகு அப்படி வர முடியாது. அத்துடன், மொட்டையாகிப் போன சரிவுகளில் காற்றும் மழையும் மேல்மண்ணை அள்ளிச் சென்றன. இந்த இரு தேவைகளுக்கும் துரைமார் கண்ட விடைதான், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்து சேர்ந்திருந்த அவுஸ்திரேலிய மரமான சவுக்கு.

அதன் வேர் ஆழமாக இறங்கும். நிழல் அடர்த்தியற்றது, தேயிலைக்கு வேண்டிய வெயிலை மறைக்காது. உதிரும் இலை மண்ணுக்குப் போர்வையாகும். காற்றைத் தடுக்க வேலி போல் வரிசையாக நடலாம். வெட்டினால் மீண்டும் தளிர்க்கும், கிளைகள் விறகாகும். முள்முருங்கையைத் தாழ்ந்த நிழலுக்கும் சவுக்கை உயர்ந்த நிழலுக்கும் நடுவது தோட்டங்களில் நிலைத்த வழக்கமாயிற்று. கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டை மலைகளில் இன்று பயணிகள் புகைப்படம் எடுக்கும் காட்சியில், தேயிலைக்கு மேல் தெரியும் அந்தச் சாம்பல்பச்சை முகில்கள் இம்மரத்தின் தலைகளே.

தோட்டத்து ஆவணங்களில் கன்று நட்ட ஏக்கர் கணக்கும் கூலிச் செலவும் இருக்கும். குழி தோண்டியவரின் பெயர் இராது. ஆனால் அவர்கள் இட்ட மரத்தின் பெயர் சிங்களக் கிராமங்கள் வரை சென்று நிலைத்துவிட்டது. பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட ஒரு மக்களின் சொல் நாட்டின் பெரும்பான்மை மொழியில் குடியுரிமை பெற்றிருப்பதை எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

பெட்டிக்காக ஒரு மழைக்காடு

இரண்டாம் உலக யுத்தம் மூண்டு கப்பல்கள் தடைப்பட்டதும் பெட்டிப் பலகைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. காலிக்கு அருகே கிந்தோட்டையில் 1941இல் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தோன்றிய பின்னணி இதுதான். சுதந்திரத்தின் பின் அத்தொழில் அரச கூட்டுத்தாபனமாக வளர்ந்தது. தென்மேற்கு மழைக்காட்டு மரங்கள் அதற்கு இரையாயின.

1970களில் கொஸ்கமவில் அமைந்த பெரிய ஒட்டுப்பலகை ஆலைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் தறிக்கத் தொடங்கினர். இயற்கை ஆர்வலர்களின் எதிர்ப்பு வலுத்து, 1977இல் ஆட்சி மாறியதை அடுத்து அது நிறுத்தப்பட்டது. 1978இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் சிங்கராஜ அறிவிக்கப்பட்டது. ஒட்டுப்பலகைக்காக நாடு தன் கடைசிப் பெரிய மழைக்காட்டையே பணயம் வைத்த வரலாறு இது. மலையில் நட்டு வளர்த்த மரத்தின் அருமை, நடாமல் கிடைத்த மரம் தீரும்போதுதான் தெரிகிறது.

பின்னர் பெட்டியின் காலமே முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பல அடுக்குக் காகிதப் பைகள் வந்தன. லண்டன் வீடுகளில் குடிமாறும்போது சாமான் கட்டவும், 1950களில் ஸ்கிஃபிள் இளைஞர்கள் கழியும் கயிறும் கட்டி வாத்தியமாக்கவும் பயன்பட்ட தேயிலைப் பெட்டி, இன்று பழம்பொருள் கடைச் சரக்கு.

இன்றைய மரக்காலையில்

பெட்டி போனபோதும் சவுக்கின் பயன் போகவில்லை. கண்டியைச் சுற்றியுள்ள மரக்காலைகளில் அதனை அரிந்து அடுக்கி வைத்திருக்கக் காணலாம். தேக்கு, பலா ஆகியவற்றின் விலையை எட்டிப் பிடிக்க முடியாதோர், கூரைக்குச் சிலாகைக்கும் அலுமாரியின் உட்பலகைக்கும் மேசைக்கும் கட்டிலுக்கும் இதனை வாங்குகின்றனர்.

இதனைப் பாவிப்போர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. மண்ணையும் ஈரத்தையும் தொடும் இடத்துக்கு இது ஆகாது; கறையான் எளிதில் பற்றும். அரிந்தவுடன் மருந்தூட்டி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் பலகை கோணும். இதன் தூள் சிலரது தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். ஆகையால் கையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அரிவது நல்லது.

அரியும் விதத்திலேதான் இதன் அழகு இருக்கிறது. அடிமரத்தின் மையத்திலிருந்து வெளித்தோல் நோக்கி, ஆரைகளின் போக்கில் அரிந்தால், பலகையின் முகத்தில் பின்னல் துணி போன்ற மினுமினுப்பான புள்ளிகள் தோன்றும். சிக்கமோரையும் பிளேன் மரத்தையும் இவ்வாறே அரிந்து, 'லேஸ் மரம்' என்று பெயரிட்டு மேலை நாட்டார் கூடுதல் விலைக்கு விற்கின்றனர். அவுஸ்திரேலியாவில் பழைய வீடுகளின் அலுமாரிகளையும் சுவர்ப் பலகைகளையும் அலங்கரித்தது இதே சவுக்கு. நம் மரக்காலைகளில் பெரும்பாலும் அதிகப் பலகை கிடைக்கும் வகையில் நேராக அரிந்து விடுகின்றனர். அழகு மரத்தூளோடு போய்விடுகிறது. பலாவின் குணம் அறிந்து உளி எடுத்த எம்பக்கைத் தச்சரின் வழிவந்தோர் வாழும் ஊரில், சவுக்கின் குணத்தைக் கேட்டறிவோர் குறைவு. விறகு மரம் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழுவுவது கடினம் போலும்.

மரம் யாருடையது?

1972இலும் 1975இலும் கொண்டுவரப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நிர்வகிக்கத் தொடங்கின. தேயிலை விலை சரியும் ஆண்டுகளில் நிர்வாகங்கள் நிமிர்ந்து பார்ப்பது சவுக்கையும் டர்பன்டைன் மரத்தையும்தான். முறைப்படி அனுமதி பெற்றுத் தறித்து விற்றால் நட்டக் கணக்கின் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். நடப்பட்ட மரத்தைப் பயன் கருதி வெட்டுவதில் தவறில்லை; வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டால் சரி.

தொழிலாளியின் நிலையோ வேறு. பாட்டன் நட்டு, தந்தை கவாத்து வெட்டி, தான் காவல் நின்ற மரத்தின் மீது அவருக்கு எந்த உரிமையும் இல்லை. உதிர்ந்த சுள்ளியைத் தலைச்சுமையாகக் கட்டி லயத்துக்குக் கொண்டுவரும் அளவே பெண்களுக்கு அதில் உள்ள பங்கு. லயத்துக் கூரைக்கு ஒரு சிலாகை வேண்டுமென்றாலும் துரையிடம் விண்ணப்பித்து நிற்க வேண்டிய நிலையைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டபோது வீட்டுரிமை, காணியுரிமை பற்றி நிறையப் பேசப்பட்டது. காணி என்று பேசும்போது அதில் நிற்கும் மரத்தையும் சேர்த்தே பேச வேண்டும். வீட்டுக்கென ஒதுக்கும் ஏழு பேர்ச்சில் வளர்க்கும் மரமேனும் வீட்டாருக்கே சொந்தம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தோட்டத்து மரம் விற்கும் வருமானத்தில் ஒரு பங்கு லயங்களின் கூரைக்கும் நிலைக்கும் போவதை நிபந்தனையாக்குவதும் நடக்க முடியாத காரியமன்று.

ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையொன்று தேயிலை நூதனசாலையாக இயங்குகிறது. உருளை இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் அங்கு பேணப்படுகின்றன. நல்ல காரியம். அங்கே ஒரு சவுக்குப் பலகையையும், ஆரையோடு அரிந்து மெருகிட்டு, சுவரில் மாட்டி வைக்கலாம். அதன் கீழே சவுக்கு என்றும் சபுக்கு என்றும் இரு மொழிகளில் எழுதி, முதற் சொல் யாருடையது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால், இந்த மலைகளில் மரம் நட்டவர்களுக்கு எழுத்தில் கிடைக்கும் முதல் மரியாதையாக அது அமையும்.